கம்பெனி கொடுக்கும் பொருள் கொடையாமோ?

மக்கட்பிறவி எடுத்தார்க்குக் கைகூடும் அறங்களுள் எளியதும் அரியதுமாகிய ஒன்று ஈகை. சிறிதேனும் பொருளுடையார் எவரும் செய்தற்கு இயைதலின் அஃது எளிது; கொடுக்கும் பொருளோடு 'யான் கொடுத்தேன்' என்னும் முனைப்பும் உடன்கழிதல் வேண்டுமாகலின் அரிது. பொருளைக் கொடுத்துவிட்டுச் செருக்கை வைத்துக்கொண்டவர் இரண்டையும் இழந்தவரேயாவர். இதுபற்றியே மறைவிற் கொடுத்தல் சாலச் சிறந்ததென்று நம் பெரியோர் கொண்டனர். திருக்கோயிலுக்குக் குழல்விளக்கொன்றை வாங்கியளித்து, அதன் ஒளி வெளிப்போதற்கும் இடமின்றித் தம் பெயரையும் தந்தையார் பெயரையும் அதன்மேல் எழுதுவிக்கும் உபயகாரரைக் கண்டு உள்ளே நகையாதார் நம்மில் யாவர்?

மறைவிற் கொடுத்தல் சிறப்பென்னும் இவ்வெண்ணம், அண்மையில் நம் நாட்டரசியலில் எவரும் எதிர்பாராத ஓரிடத்தே எடுத்தாளப்பட்டது. அரசியற் கட்சிகட்குப் பொருள் வழங்கும் கம்பெனிகள் தம் பெயர் வெளிப்படாமையை விரும்புகின்றன. வெளிப்படின் ஏனைக் கட்சியார் பகைப்பர். ஆதலின் கொடுப்பார்க்கு மறைவு வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டில் நடுவணரசு கூறி, தேர்தல் பத்திரம் என்பதொரு முறைக்குச் சட்டத்தில் இடஞ்செய்தது. 2018-இல் நடைமுறைக்கு வந்த அம்முறையை, 2024 பிப்ரவரி 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்து ஐந்து நீதிபதிகள் ஒருமுகமாக அரசியற் சட்டத்துக்கு முரணானதென்று தள்ளினர். தள்ளப்பட்டதொன்றை இன்று ஆராய்வது எற்றுக்கெனின், நீதிமன்றம் தீர்த்தது சட்ட வினாவை. அதனுள்ளே கிடந்த அறவினாவோ இன்னும் கிடந்தபடியே கிடக்கின்றது. கம்பெனி என்பதொன்று கொடுத்தற்கு உரியதாமோ? அது கொடுப்பது கொடையாமோ? அன்றாயின் அது யாது? அதனால் விளையும் வினையை நுகர்வார் யாவர்? இவற்றையே ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

முதற்கண் அம்முறையின் இயல்பைக் கூறுதும். பாரத ஸ்டேட் வங்கி ஒன்றே 1,000, 10,000, 1 இலட்சம், 10 இலட்சம், 1 கோடி ரூபாய் என்னும் ஐவகை மதிப்பிற் பத்திரங்களை விற்றது. வாங்குவோர் தம் அடையாளத்தை வங்கிக்குக் காட்டிப் பணஞ்செலுத்திப் பெறுவர். பத்திரத்தின்மேல் வாங்கினவர் பெயரும் இராது. பெறுங் கட்சியின் பெயரும் இராது. பெற்ற கட்சி 15 நாளுக்குள் அதனைத் தன் வங்கிக்கணக்கிற் செலுத்திப் பணமாக்கிக்கொள்ளல் வேண்டும். கொடுத்தவர் யாரென்று கட்சி தேர்தல் ஆணையத்துக்கு அறிவித்தல் வேண்டுவதன்று. எக்கட்சிக்குக் கொடுத்தோமென்று கம்பெனி தன் கணக்கிற் காட்டுதலும் வேண்டுவதன்று. இதனோடு, மூன்றாண்டு நிகர இலாபத்தின் சராசரியில் நூற்றுக்கு 7.5 பங்கிற்கு மேற் கம்பெனிகள் கொடுத்தலாகாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த வரம்பும் அகற்றப்பட்டது. ஆகவே இலாபமே காணாத கம்பெனியும் எத்துணைக் கோடியாயினும் கொடுக்கலாயிற்று. இவ்வாறு 30 தவணைகளில் விற்கப்பட்ட பத்திரங்களின் மதிப்பு 16,518 கோடி ரூபாய். இதிற் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களே என்பதனை நோக்கின், வாங்கினவர் கூலியாளரும் குடியானவரும் அல்லர் என்பது சொல்லாமே விளங்கும்.

அரசினர் கூறிய காரணத்தையும் மறையாது உரைத்தல் முறை. முன்னெல்லாம் கட்சிகட்கு வந்த பணத்திற் பெரும்பகுதி கணக்கிலடங்காப் பணமாய்ப் பைகளில் வந்தது. இம்முறையால் அது வங்கிவழி வரும். ஆகலின் கள்ளப்பணம் ஒழியும் என்றனர். இக்கூற்றுள் ஓருண்மை உண்டு. பையில் வந்தது வங்கியில் வருதல் நன்றே. ஆயினும் வங்கியில் வந்தும் மக்கள் அறியாதபடி வருமாயின், அழுக்கு நீங்கியது பணத்தினின்றன்றிச் செயலினின்று நீங்கியதன்று. காவற்பொறுப்புடையார் இருவர் இதனை அப்பொழுதே எடுத்துரைத்தனர். கையில் வைத்திருப்பார்க்கே உரிமையாகும் இத்தகைய பத்திரம் நாணயத்தாள்மேல் மக்கள் வைத்த நம்பிக்கையைக் குலைக்கும், கள்ளப்பணத்துக்கும் வழியாகும் என்று ரிசர்வ் வங்கி 2017 சனவரியிலேயே எழுதிற்று. இது பின்னோக்கிச் செல்லுஞ் செயலென்றும், கொடுத்தற்கென்றே பெயரளவிற் கம்பெனிகள் தோன்றக்கூடுமென்றும் தேர்தல் ஆணையம் அவ்வாண்டு மே மாதத்தில் எழுதிற்று. இருவர் சொல்லும் ஏறவில்லை. மாநிலங்களவையார் செய்த திருத்தங்களும், மசோதா பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டமையின், மக்களவையால் எளிதில் தள்ளப்பட்டன. காவலரை நீக்கினாரில்லை, அவர் சொல்லைக் கேளாது விடுத்தனர், அத்துணையே போதியதாயிற்று.

இனி, மறைவு எற்றுக்கு அறமாயிற்று என்று நோக்குவாம். அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பெறுவான் நாணத்தைக் காத்தல். இல்லாமையால் ஏற்கும் ஒருவன் முகத்தைப் பலர்முன் வாடச்செய்தல் கொடுத்ததனினும் பெரிதாய பறித்தலாகும். மற்றொன்று, கொடுப்பான்பால் எழும் முனைப்பை அடக்குதல். இவ்விரண்டும் இல்வழி மறைவுக்கு அறத்தின்கண் இடமில்லை. நாட்டையாளுங் கட்சியோ ஆள விரும்புங் கட்சியோ இரவலனன்று. அதற்குக் காத்தற்குரிய நாணமுமில்லை. ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களை நூற்றுக்கணக்கில் வாங்கும் கம்பெனிக்குத் தன்முனைப்பை அடக்கல் வேண்டும் என்னுந் தவநோக்கம் இருந்ததென்று கூறுவார் இரார்.

பொதுவுக்குக் கொடுக்கும் பொருளின்கண் நம் முன்னோர் கொண்ட நெறி இதற்கு முற்றும் மறுதலையானது. தஞ்சை இராசராசேச்சரத்தில், அரசன் தான் கொடுத்தனவும், தன் தமக்கையார் குந்தவையார் கொடுத்தனவும், தேவிமார் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் ஆகிய எல்லாவற்றையும் திருவிமானத்துக் கல்லிலே வெட்டுக என்று ஆணையிட்டான். பொன் இத்துணைக் கழஞ்சு என்றும், அதனை நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான் என்றுங்கூட ஆண்டுப் பொறிக்கப்பட்டுள்ளன. இதனைச் செருக்கென்று கொள்வாரும் உளர். யாம் அங்ஙனங் கொள்ளேம். பொதுச்சொத்தினுட் புகும் பொருள், யாரிடமிருந்து, எதன்பொருட்டு, எவ்வளவு வந்ததென்பது ஊரார்க்கும் சபையார்க்கும் பின்வருவார்க்கும் தெரிதல் வேண்டும். தெரிந்தாலன்றி அதனைக் காத்தலும் வினாவுதலும் இயலா. எனவே, வறியார்க்குக் கொடுப்பதை மறைக்க, பொதுவுக்குக் கொடுப்பதைக் கல்லில் வெட்டுக என்பதே நம் முன்னோர் நடையிற் கண்ட நெறி. தேர்தல் பத்திரம் இதனைத் தலைகீழாக்கிற்று.

மறைவென்றதுதானும் யாரிடத்து மறைவு? கொடுத்தவன் தான் கொடுத்ததைப் பெற்றவனிடம் வாயாற் சொல்லிவிடுதலை எச்சட்டமும் தடுக்கமாட்டாது. விற்ற வங்கி அறியும். அவ்வங்கியின் பெரும்பங்கு அரசினுடையது. 2018 ஏப்ரலில் ஒரு செய்தியாளர் பத்திரம் வாங்கிச் சோதனைச்சாலையில் ஆராய்வித்தபோது, புற ஊதா ஒளியில் மட்டுமே தோன்றும் எழுத்தும் எண்ணுமாகிய குறியொன்று அதன்மேல் இருத்தல் புலனாயிற்று. கள்ளப் பத்திரத்தைத் தடுத்தற்குரிய காவற்குறியே அஃது என்று அரசு விடையிறுத்தது. 2024 மார்ச்சில் நீதிமன்ற ஆணையால் அக்குறிகள் வெளியிடப்பட்டபோது, அவற்றைக் கொண்டே இன்ன கம்பெனியின் பத்திரம் இன்ன கட்சியிடம் சென்றதென்று நாட்டார் பொருத்திக் கண்டனர். ஆகவே கொடுத்தவன் அறிந்தான், பெற்றவன் அறிய இயலும், வங்கி அறிந்தது. அறியாதிருந்தவர் வாக்களிக்குங் குடிகளும், அக்கம்பெனியின் பங்குதாரருமே. இருவர் தம்முட் கண்ணாற் பேசி, மூன்றாமவன் கண்ணைக் கட்டுதல் ஈகையின் மறைவன்று.

அடுத்து, கொடுப்பதாகிய கம்பெனியின் இயல்பை ஆராய்வாம். ஈகை என்பது கையின் தொழிலன்று, உயிரின் தொழில். உயிர் இச்சித்து, அறிந்து, செய்யும்; இச்சையும் அறிவும் செயலும் சித்துப்பொருட்கே உரியன, சடத்துக்கு இல்லை என்பது நம் சித்தாந்தத்தின் முதற்பாடம். கம்பெனி சித்தோ சடமோ எனின், சட்டம் அதனை ஓர் ஆளாகக் கொண்டு, அது சொத்துடையதாகலாம், வழக்காடலாம், வழக்காடப்படலாம் என்று விதித்துளது. இது வழக்கின் எளிமைபற்றிச் சட்டத்தார் செய்துகொண்ட உபசாரமேயன்றி உண்மையன்று. ஆளென்று சொல்லப்பட்டமையாற் கம்பெனிக்கு உயிர் வந்துவிடாது. பதிவேட்டில் பிறந்து பதிவேட்டில் இறக்கும் அதற்கு இருவினையும் இல்லை, பிறவியும் இல்லை, வீடுபேறும் இல்லை. பற்று என்பதே இல்லாத ஒன்று பற்றறக் கொடுத்தல் யாங்ஙனம்?

அற்றேல், கம்பெனியின் பெயரால் அதன் இயக்குநர் கொடுக்கின்றனர், அவர்க்கு உயிருண்டன்றோ எனின், அவர் கொடுப்பது தம் பொருளன்று, பங்குதாரர் பொருள். இவ்விடத்து ஒரு பழைய வழக்கு நினைவுகூரற்பாலது. 1957-ஆம் ஆண்டில் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி, அரசியற் கட்சிகட்குப் பொருள் வழங்கத் தன் நோக்கங்களை வரையறுக்கும் மூல ஆவணத்தைத் திருத்திக்கொள்ள இசைவு வேண்டிற்று. பங்குதாரர் ஒருவர் தடுத்து வழக்காடினார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா, சட்டம் இடந்தருதலின் இசைந்தாரெனினும், மனமுவந்து இசைந்தாரல்லர். கம்பெனிகளின் பணம் கட்சிகளினுட் புகுதல் நாளடைவில் மக்களாட்சியின் குரல்வளையை நெரிக்கும் இடராய் வளரக்கூடுமென்றும், நாடாளுமன்றம் இதனை விரைந்து நோக்கல் வேண்டுமென்றும் எச்சரித்தார். கல்கத்தா உயர் நீதிமன்றத்திலும் அவ்வாண்டில் மற்றோர் இரும்புக் கம்பெனியின் வழக்கில் இதனையொத்த அச்சம் உரைக்கப்பட்டது.

அவ்வழக்கினின்றும் யாம் எடுத்துக்கொள்வது வேறொன்று. கம்பெனியின் பணம் கம்பெனியின் நன்மைக்கே செலவிடப்படல் வேண்டும் என்பது கம்பெனிச் சட்டத்தின் ஆணிவேர். ஆகவே இயக்குநர் கட்சிக்கு ஒரு கோடி கொடுப்பாராயின், இரண்டிலொன்று நிகழ்தல் வேண்டும். அக்கொடை கம்பெனிக்குப் பயன்தரும் என்று கருதிக் கொடுத்தாராயின், அது விலை. பயனொன்றுங் கருதாது கொடுத்தாராயின், பிறர் பொருளை அவர் நோக்கத்துக்குப் புறம்பே வாரி இறைத்தவராவர்; அது களவின் பாற்படும். விலையுமன்றிக் களவுமன்றி ஈகையாய் நிற்றற்கு ஈண்டு மூன்றாம் இடம் ஒன்றுண்டோ என்று யாம் பலநாள் எண்ணிப் பார்த்தும் கண்டிலம். திருவள்ளுவனார் ஈகையை வரையறுக்குமிடத்து, கைம்மாறு நோக்கிய கொடுத்தலை அதனின்றும் பிரித்துவைத்தமை இவ்விடத்துக்கு நன்கு பொருந்தும். 2024-ஆம் ஆண்டுத் தீர்ப்பும், கம்பெனிகள் கட்சிகட்குக் கொடுப்பன பயனை நோக்கிய வாணிகச் செயல்களே என்றும், தனிமனிதரையும் கம்பெனியையும் ஒருநிகராக வைத்து வரம்பை எடுத்தது பொருந்தாதென்றும் கூறிற்று. அறநூல் வழியாற் சென்றார்க்கும் சட்டநூல் வழியாற் சென்றார்க்கும் முடிந்தவிடம் ஒன்றேயாதல் காண்க.

இவ்விலையன்றி இன்னுமொரு வகையுண்டு. வருமானவரித் துறையினரும் அமலாக்கத் துறையினரும் புகுந்து தேடிய கம்பெனிகள் சில, அதற்கு அணித்தான நாள்களிற் பத்திரம் வாங்கியிருந்தமையை நாளிதழ்கள் எடுத்துக்காட்டின. அரசினர் சோதனையில் தம் மருந்து தரங்குறைந்ததாகக் காணப்பட்ட மருந்துக் கம்பெனிகள் சிலவும் பத்திரம் வாங்கினோர் வரிசையில் இருந்தமையையும் காட்டின. ஒன்று மற்றொன்றற்குக் காரணமென்று எவ்விடத்தும் மெய்ப்பிக்கப்படவில்லை. அதனைத் தனிக்குழு அமைத்து ஆராயவேண்டும் என்ற வேண்டுகோளை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டு 2-இல் ஏற்கவில்லை. ஆதலின் இன்ன கம்பெனி இன்னதற்காகக் கொடுத்தது என்று யாமும் கூறேம். அஞ்சிக் கொடுத்தது கப்பம், விரும்பிக் கொடுத்தது விலை என்னும் அவ்வளவே கூறுவேம். அஞ்சிக் கொடுத்தவன்பால் நமக்கு இரக்கமும் எழக்கூடும். ஆயின் தரங்குறைந்த மருந்தை நம்பி உண்ணும் நோயாளி ஒருவன் உளன். அவன் பத்திரமும் வாங்கிலன், பத்திரமும் பெற்றிலன். மருந்தை அளந்தறியுங் கண்காணிப்பு எங்கேனும் ஒருநாள் தளருமாயின் அதன் பயனை உடம்பால் நுகர்பவன் அவனே. கண்காணிப்பின் கடுமையைத் 'தொழிலுக்குத் தடை' என்று இகழ்வார் அந்நோயாளியின் கட்டிலருகே ஓர் இரவு இருந்து பின் பேசுக.

வரம்பின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லின், 1960-இல் ஓர் அளவு விதிக்கப்பட்டது, 1969-இல் கம்பெனிகள் கட்சிகட்குக் கொடுத்தல் அறவே தடுக்கப்பட்டது, 1985-இல் இலாபத்தில் நூற்றுக்கு 5 என மீண்டும் திறக்கப்பட்டது, 2013-இல் 7.5 ஆயிற்று, 2017-இல் வரம்பே ஒழிந்தது. இதனினும் எம் நெஞ்சைச் சுட்டது பிறிதொரு திருத்தம். அயல்நாட்டுக் கம்பெனியைச் சார்ந்த கிளைகளிடம் பொருள் பெற்றமையால் பாரதீய ஜனதாக் கட்சியும் காங்கிரஸ் கட்சியும் ஆகிய இரண்டும் அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறின என்று தில்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நடந்தது யாது? குற்றஞ்செய்தாரை ஒறுத்தலன்று, குற்றமென்னுஞ் சொல்லின் பொருளை மாற்றுதல். 2016-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், அயல்நாட்டு மூலம் என்பதன் இலக்கணத்தைத் திருத்தி, அத்திருத்தம் 2010 முதலே இருந்ததாகக் கொள்க என்றது. 2010-க்கு முற்பட்ட பெறுதல்கட்கு அது போதாமையின், 2018-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதனை 1976 ஆகஸ்டு 5 வரை பின்னோக்கி நீட்டிற்று. நாற்பதாண்டுக்கு மேற்பட்ட காலத்தைப் பின்னே வளைத்துக் குற்றத்தைக் குற்றமல்லாததாக்கிய இச்செயலைப் பெரிதாய் எதிர்க்கும் நிலையில் அவ்விரு கட்சியாருள் எவருமிலர்.

திருவாரூர் வரலாறு இவ்விடத்தே தானே நினைவுக்கு வருகின்றது. மனுநீதிச் சோழர் திருமகன் ஊர்ந்த தேர்க்காலில் ஆன்கன்று ஒன்று பட்டிறந்தபோது, அமைச்சர் அரசர்க்குக் கூறியது, நூலில் விதித்த கழுவாயைச் செய்துவிடுக என்பதே. அமைச்சர் தீயரல்லர், அவர் கூறியதும் நூலிலுள்ளதே. ஆயினும் அரசர், பிறனொருவன் செய்யின் விதிக்கும் ஒறுப்பைத் தம் மகன் செய்தவிடத்து மாற்றிக்கோடல் முறையன்று என்று மறுத்தார். நூல் இடந்தரும் போதும் தம்மவர்க்காக முறையைத் தளர்த்த மறுத்தவர் அவர். தம்மவர்க்கு இடந்தாராத நூலையே திருத்திக்கொண்டவர் நம் காலத்தார். அன்றியும், அவ்வரண்மனை வாயிலில் வாயில்லாத ஆவும் எட்டி அசைத்தற்கு ஓர் ஆராய்ச்சி மணி கட்டப்பட்டிருந்தது. பொருள் எவரிடமிருந்து எவர்க்குச் செல்கின்றதென்று குடிகள் அறியாவாறு செய்தது, அம்மணியை விட்டுவைத்துக் கயிற்றை அறுத்தது போல்வதாம்.

இனி, வினையை நுகர்வார் யாவர் என்னும் வினா. கம்பெனியே செய்தது, யாம் செய்திலேம் என்பது இயக்குநர் பலர்க்கு ஆறுதலான மறுமொழி. கட்சிக்கே பெற்றோம், எமக்குப் பெற்றிலேம் என்பது கட்சித்தலைவர் மறுமொழி. இரண்டிடத்தும் வினைமுதல் ஒரு சடத்தின்மேல் ஏற்றப்படுகின்றது. மனம் வாக்குக் காயங்களால் உயிர்க்கு இதமும் அகிதமும் செய்வது உயிரேயாகலின், கருதியவன், சொல்லியவன், கையெழுத்திட்டவன், அறிந்து உடன்பட்டவன் ஆகிய ஒவ்வோருயிரையும் அவ்வவ்வினை தனித்தனியே சாரும். கம்பெனியின் பெயர்க்கடையில் 'லிமிடெட்' என்றோர் சொல் நிற்கின்றது. கடன் அச்சொல்லால் அவரவர் பங்கினளவுக்கு வரையறுக்கப்படும், வினை வரையறுக்கப்படுமோ? பதின்மர் கூடி ஒரு கல்லை உருட்டி ஒருவனைக் கொன்றால், கொலையைப் பத்தாக வகுத்து ஆளுக்கொரு கூறு கொடுப்பாருமில்லை, கொள்வாருமில்லை, பதின்மரும் கொன்றவரே. வினைதான் சடமாகலின், அது தன்னைச் செய்தானைத் தானே தேடிச் சேரமாட்டாது, சேர்ப்பிப்பான் இறைவன் என்று நம்மவர் மீமாஞ்சகரோடு வாதிட்டு நிறுவிய உண்மை ஈண்டு நன்கு நினைக்கத்தக்கது. வங்கி குறியைப் பொருத்திக் காட்டுதற்கு நீதிமன்றத்து ஆணை வேண்டியிருந்தது; ஆண்டு அதுவும் வேண்டா.

அற்றேல், ஒன்றும் அறியாத பங்குதாரரை என் சொல்வது எனின், இஃது எளிதில் விடைகூறத்தக்க வினாவன்று. அறியாமற் செய்ததும் வினையே. ஆயினும் அறிந்து செய்ததனோடு ஒப்பதன்று. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் பங்குதாரர் அறிதற்குரிய வழியையே அடைத்துவிட்டமையின், அக்காலத்துக்கு அவர்மேற் குற்றஞ்சாற்றுதற்கு எமக்கு மனமில்லை. அறிந்த பின்னரும் இலாபப்பங்கை முகமலர்ந்து வாங்குவாரைப் பற்றி அங்ஙனங் கூறமாட்டேம்.

பத்திரம் பெற்றோர் பட்டியலில் ஒரு கட்சி மட்டும் இருந்ததன்று. வெளியிடப்பட்ட காலப்பகுதியில் நடுவணில் ஆண்ட பாரதீய ஜனதாக் கட்சி ஏறக்குறைய 6,000 கோடி ரூபாய் பெற்று முதலிடத்தே நின்றது. திரிணமூல் காங்கிரஸ், காங்கிரஸ், பாரத ராஷ்டிர சமிதி ஆகியன ஒவ்வொன்றும் ஆயிரங்கோடிக்கு மேற் பெற்றன. தமிழ்நாட்டில் ஆண்ட திராவிட முன்னேற்றக் கழகமும் அறுநூறு கோடிக்கு மேற் பெற்றது; அதிற் பெரும்பகுதி லாட்டரிச் சீட்டு விற்கும் ஒரு கம்பெனியிடமிருந்து வந்தது. அக்கம்பெனியே 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி, வாங்கினோருள் முதல்வதாய் நின்றது. ஏழை நாளெல்லாம் உழைத்து ஆசையால் வாங்கும் சீட்டின் பணம் அது என்பதை எண்ணுங்கால் மேலும் எழுதக் கை கூசுகின்றது. இம்முறையை ஏலோம் என்று மறுத்து வழக்கும் தொடுத்த மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியார் கடவுளை வணங்குவாரல்லர். வணங்குவேம் என்பார் பலர் வாங்கிக்கொண்டனர். இதனைச் சைவ நன்மக்கள் சிறிது நாணத்தோடு கருதல் தகும்.

பத்திரம் ஒழிந்தபின் பணம் ஒழிந்துவிட்டதென்று எவரும் எண்ணற்க. 2013 முதல் நடைபெறும் தேர்தல் அறக்கட்டளைகள் இன்றும் உள; பல கம்பெனிகள் ஒன்றினுட் பெய்ய, அது பல கட்சிகட்குப் பகிர்கின்றது; பெய்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் வெளிவரும், எவர் பணம் எவர்க்குச் சென்றதென்பது கலங்கிய நீராகும். 'அறம்' என்னுஞ் சொல் அப்பெயரினுள் எங்ஙனம் புகுந்ததென்று தமிழறிந்தார் ஒருநாள் ஆராய்தல் நன்று. ஆயினும் தீர்ப்பினால் ஒரு நன்மை விளைந்தது. 7.5 என்னும் வரம்பு மீண்டது. எக்கட்சிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைக் கம்பெனி தன் இலாப நட்டக் கணக்கிற் காட்டல் வேண்டும் என்னும் பழைய விதியும் மீண்டது. பங்குடையார் இன்று பெருஞ்செல்வர் மட்டுமல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியரும், கோயிற் கணக்கெழுதுவாரும், மகள் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தை அங்கே இட்டுவைத்தவரும் உளர். எம் மாமனார் விட்டுச்சென்ற பங்குகள் சில எம் பெயரிலும் உள்ளன. இவ்வாண்டு அக்கம்பெனியின் அறிக்கை வந்தவுடன், வழக்கம்போல் இலாபப்பங்கு எவ்வளவென்று முதலிற் பார்த்துவிட்டோம். பின்னரே நினைவு வந்து, கணக்கின் குறிப்புகளுள் அந்த ஒரு வரியைத் தேடத் தொடங்கினோம்; எழுத்துப் பொடியாயிருத்தலின், கண்ணாடி மாற்றிக்கொண்டு இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றோம்.